ரோச்சில் முடிந்த பற்றரி வானொலியில் பாடியது எப்படி?

இலங்கையின் வன்னியில் 1990களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பற்றரியின் ஆயுள் எத்தனை கட்டங்களைக் கொண்டது என்பது தெரிந்திருக்கும். எப்படியோ அகப்பட்ட இரண்டு புதிய பற்றரிகள் முதலில் ரோச் லைற்றுக்குள் போகும். ரோச்சின் வெள்ளை வெளிச்சம் மஞ்சளாகி, மஞ்சள் செம்மையாகி, கடைசியில் மின்குமிழின் இழை மட்டும் அடுப்புத் தணல்போலத் தெரியும் நிலை வந்ததும் அவை கழற்றப்பட்டு வானொலிக்குள் வைக்கப்படும். ரோச்சுக்கு உதவாத அதே பற்றரிகளில் வானொலி இன்னும் பல இரவுகள் பிபிசி தமிழோசையைத் தரும். அதுவும் கரகரத்து அடங்கிய பின்னர், அவற்றில் ஒன்றின் இரு முனைகளிலும் கம்பி வைத்துக் கட்டிச் சுவர் மணிக்கூட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். மணிக்கூடு அதிலும் வாரக்கணக்கில் ஓடும். 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்வழங்கல் இல்லாமற் போனது. அங்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்டிருந்த பொருள்களுள் பற்றரியும் ஒன்று. 2002 இல் தடைகள் தளரும் வரைக்கும் ஒரு சோடி பற்றரி என்பது எண்ணி எண்ணிச் செலவழிக்கவேண்டிய பொருளாக இருந்தபடியால், அதன் கடைசித் துளியையும் எங்கே பயன்படுத்தலாம் என்பதை மக்கள் கைப்பழக்கத்தால் கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பழக்கத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. ரோச்சுக்குப் பற்றரி "முடிந்துவிட்டது" என்றால், முடிந்த பற்றரியில் வானொலி எப்படிப் பாடுகிறது? பற்றரி என்பது மின்னோட்டத்தை நிரப்பிவைத்த ஒரு குடம் என்று நினைத்தால் இதற்கு விடை கிடையாது. குடம் வெறுமையானால் எல்லோருக்கும்தான் வெறுமை. நேரோட்டச் சுற்றைப் பற்றிப் பாடசாலையில் நாம் படிக்கும் ஓமின் விதியை (மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும் என்பதை) மட்டும் வைத்துக்கொண்டாலும் விடை முழுமையாக வராது. பற்றரியின் உள்ளேயே ஓட்டத்தை எதிர்க்கும் ஒரு தடை இருக்கிறது என்பதையும், பற்றரி முதுமையடைவது பெரும்பாலும் அந்தத் தடை கூடுவதாகவே வெளிப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் ரோச்சும் வானொலியும் மணிக்கூடும் ஒரே கணக்குக்குள் அடங்கும். அகத்தடை எனப்படும் அந்தக் கணியம் உயர்தரப் பாடத்தில் சில கணக்குகளோடு கடந்துபோய்விடுகிறது. என் எண்ணத்தில், பற்றரியோடு வாழும் ஒருவர் முதலில் விளங்கிக்கொள்ளவேண்டியது அதைத்தான்.

ரோச்சுக்குப் போடும் வழமையான பற்றரியின் வெளிக்கிண்ணம் நாகத்தால் (துத்தநாகத்தால்) ஆனது. அதுவே மறைமுனை. நடுவில் நிற்கும் கரிக்கோல் நேர்முனையாகிறது. கரிக்கோலைச் சுற்றி மங்கனீசீரொட்சைட்டும் கரித்தூளும் கலந்த கறுப்புக் கலவை இருக்கும். இடையில் அமோனியம் குளோரைட்டு அல்லது நாகக் குளோரைட்டு கரைந்த ஈரப் பசை இருக்கும். இத்தாலியரான வோல்ற்றா 1800 இல் நாகத் தட்டுகளையும் வெள்ளி அல்லது செப்புத் தட்டுகளையும் உப்புநீரில் நனைத்த துணியோடு அடுக்கி முதன்முதலில் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சே 1866 இல் நாகம், மங்கனீசு, கரி என்ற சேர்க்கையைக் கண்ணாடிச் சாடிக்குள் அமைத்தார். 1886 இல் காசுனர் என்ற செருமானியர் திரவத்துக்குப் பதிலாகப் பசையை இட்டு அதற்கு உரிமம் பெற்றார். நம் கையில் இருந்த பற்றரி அந்த மூன்றாவது ஆளின் வழிவந்தது. "உலர்கலம்" என்று பெயர் வைத்திருந்தாலும் அதற்குள் ஈரம் இருந்தாகவேண்டும் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

நாகம் கரைந்து அயனாகும்போது, அதாவது மின்னேற்றம் கொண்ட அணுவாகும்போது, இலத்திரன்களைக் கிண்ணத்தில் விட்டுச்செல்கிறது. அந்த இலத்திரன்களை ஏற்றுக்கொள்ள மங்கனீசீரொட்சைட்டு மறுபக்கத்தில் காத்திருக்கிறது. இவ்விரு விருப்பங்களுக்கும் இடையிலான வேறுபாடே மின்னியக்க விசை. ஒரு கூலோம் அளவு மின்னேற்றம் சுற்றை ஒருமுறை சுற்றிவரும்போது இந்த இரசாயனம் அதற்கு ஏறத்தாழ 1.5 யூல் சக்தியைக் கொடுக்கிறது, 1.5 வோல்ற்று என்பதன் பொருள் அவ்வளவுதான். கலம் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் இந்த எண் மாறாது, ஏனெனில் அது பொருள்களின் இயல்பைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததன்று. அளவு கூடினால் எவ்வளவு நேரம் ஓடும் என்பதும், எவ்வளவு வேகமாக ஏற்றத்தை அனுப்பமுடியும் என்பதுமே மாறும்.

இந்த இடத்தில் ஒரு பிழையான எண்ணத்தைக் களையவேண்டும். மின்குமிழ் மின்னோட்டத்தைத் "தின்பதில்லை". குமிழுக்குள் போகும் ஓட்டம் எவ்வளவோ, அதிலிருந்து வெளியேறும் ஓட்டமும் அவ்வளவே. இரண்டு பக்கமும் அம்பியர்மானியை வைத்துப் பார்த்தால் ஒரே எண்ணைத்தான் காட்டும். செலவாவது சக்தி. வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் வயலோடு முடிந்துவிடும், ஆனால் ஏற்றம் சுற்றிக்கொண்டு திரும்பிவரவேண்டும். அதனால்தான் ஒற்றைக் கம்பியில் குமிழ் எரிவதில்லை. இலத்திரன்கள் ஓடும் வேகமும் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் 1 அம்பியர் ஓடும்போது ஓர் இலத்திரன் ஒரு மீற்றரைக் கடக்க ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆளியைத் தட்டியவுடன் வெளிச்சம் வருவது, கம்பி முழுவதும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் இலத்திரன்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அசையத் தொடங்குவதால் ஆகும்.

செருமானிய இயற்பியலாளர் ஓம் தம் விதியைக் கண்டடைந்த கதை நம் கேள்விக்கு நேரடியாக உதவுகிறது. 1825 இல் அவர் முதலில் வோல்ற்றாவின் முறையிலான கலங்களைக் கொண்டுதான் அளந்தார். அளவுகள் நிலைத்து நிற்கவில்லை. சுற்றைப் பூட்டிய கணத்தில் ஓர் அளவு, சற்று நேரத்தில் இன்னோர் அளவு. பின்னர் பொக்கெண்டோர்வு என்ற இயற்பியலாளரின் ஆலோசனைப்படி கலங்களைக் கைவிட்டு, பிசுமத்தும் செம்பும் இணைந்த சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்துப் பெறும் உறுதியான வெப்பமின் மூலத்துக்கு மாறினார். 1826 இல் அவர் எழுதிய சமன்பாட்டில், மூலத்தின் வலிமையை வகுக்கும் இடத்தில் ஒன்றன்று, இரண்டு தடைகள் கூட்டப்பட்டிருந்தன: சோதனைக் கம்பியின் தடை ஒன்று, மூலமும் சுற்றின் மற்றப் பகுதியும் சேர்ந்த மாறாத் தடை மற்றது. 1827 இல் அவருடைய நூல் வெளிவந்தது. பாடசாலையில் நாம் மனப்பாடம் செய்யும் சுருக்க வடிவத்தில் அந்த இரண்டாவது தடை மறைந்துபோனது, ஆனால் விதியைக் கண்டவரின் முதற் சமன்பாட்டிலேயே அது இருந்தது. கலங்களோடு அவரை அலைக்கழித்தவற்றுள் அதுவும் ஒன்று.

இனி அந்த ரோச்சுக்கு வருவோம். இரண்டு பற்றரி ரோச்சுக்குரிய குமிழில் 2.5 வோல்ற்று, 0.3 அம்பியர் என்று பொறித்திருக்கும். எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 8.3 ஓம். புதிய பற்றரி ஒன்றின் அகத்தடையை 0.3 ஓம் என்று வைத்தால், இரண்டும் தொடராக நிற்கும்போது 3 வோல்ற்றும் 0.6 ஓமும் ஆகும். மொத்தத் தடை 8.9 ஓம், ஓட்டம் 0.34 அம்பியர், குமிழுக்குக் கிடைப்பது 2.8 வோல்ற்று. மீதி 0.2 வோல்ற்று பற்றரிக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. இதே பற்றரிகள் பழையவையாகி, ஒவ்வொன்றும் 1.3 வோல்ற்றும் 5 ஓமும் கொண்டவையாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மின்னியக்க விசையில் போனது வெறும் பதின்மூன்று வீதம்தான். ஆனால் மொத்தத் தடை இப்போது 18.3 ஓம், ஓட்டம் 0.14 அம்பியர்; குமிழுக்குக் கிடைப்பது 1.2 வோல்ற்றிலும் சற்றுக் குறைவு. குமிழில் செலவாகும் வலு முன்னையதன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இழையின் சூடு தணிவதால் வெளிச்சம் அதைவிடவும் அதிகமாக விழும். (இழை குளிரும்போது அதன் தடையும் குறையும் என்பதால் உண்மையான எண்கள் சற்று வேறுபடும், கணக்கின் போக்கு மாறாது.)

இப்போது அதே சோடியை 3 வோல்ற்று வானொலிக்குள் போடுங்கள். மெல்லிய ஒலியில் அது 20 மில்லி அம்பியர் எடுக்கிறது என்றால், 10 ஓம் அகத்தடையில் இழக்கப்படுவது 0.2 வோல்ற்று மட்டுமே. வானொலிக்கு 2.4 வோல்ற்று கிடைக்கிறது, அது பாடும். ஒலியைக் கூட்டினால் ஓட்டம் கூடி, அழுத்தம் விழுந்து, குரல் சிதைந்து கரகரக்கும். வானொலியைக் காதோடு அணைத்து வைத்து மிக மெல்லிய ஒலியில் செய்தி கேட்ட பெரியவர்கள் பற்றரியை மிச்சம்பிடித்ததோடு, தெரியாமலே அகத்தடையிலான வீழ்ச்சியையும் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கூட்டுக்கோ ஒரு மில்லி அம்பியரிலும் குறைந்த ஓட்டம் போதும். அதற்கு 5 ஓமும் ஒன்றே, 50 ஓமும் ஏறத்தாழ ஒன்றே.

குளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரணைமடுவையோ முத்தையன்கட்டையோ போன்ற ஒரு குளத்திலிருந்து வரும் வாய்க்காலில் நடுவழியில் மண் தூர்ந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வயல்வாய் மூடியிருக்கும்போது தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து வந்து குளத்து மட்டத்துக்கே நிற்கும். அந்த மட்டத்தைப் பார்த்து வாய்க்கால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வயல்வாயை அகலத் திறந்தவுடன் மட்டம் விழுந்துவிடும். குளத்தில் நீர் இல்லாமலில்லை. வரும் வழிதான் தூர்ந்திருக்கிறது. சிறு கசிவாகத் திறந்தால் மட்டம் விழாது. ஒன்றோடும் இணைக்காத பற்றரியை வோல்ற்றுமானியால் அளப்பது, வயல்வாயை மூடிவைத்து மட்டம் பார்ப்பதற்குச் சமம்.

அகத்தடை எதனால் கூடுகிறது? பசைக்குள் அயன்கள் நகர்ந்துதான் உள்ளே ஓட்டம் நடக்கிறது. பசை காயக் காய அவற்றின் வழி அடைபடுகிறது. நாகத்தின் மேற்பரப்பில் கரையாத உப்புகள் படிகின்றன. மங்கனீசு மணிகளின் வெளிப்புறம் ஏற்கெனவே தாக்கமடைந்துவிட்டதால் மிச்சமுள்ள பொருள் உள்ளே ஆழத்தில் கிடக்கிறது. அக்காலத்தில் செய்துபார்த்த வைத்தியங்கள் அனைத்தும் இந்த மூன்று காரணங்களில் ஏதோ ஒன்றைத் தொட்டன. வெயிலில் காயவைப்பது பற்றரியை "நிரப்புவதில்லை". சூட்டில் அயன்கள் வேகமாக நகர்வதால் அகத்தடை சிறிது நேரத்துக்கு இறங்குகிறது, ஓய்வில் இருந்த நேரத்தில் உள்ளே செறிவுகளும் ஓரளவு சமப்படுகின்றன. ஆணியால் துளையிட்டு உப்புநீர் விட்டு மெழுகால் அடைப்பது இன்னும் பொருத்தமான வைத்தியம், ஏனெனில் காய்ந்த வாய்க்காலுக்கு அது ஈரம் கொடுக்கிறது. ஆனால் கரைந்துபோன நாகத்தை எந்த உப்புநீரும் திருப்பித் தராது. கிண்ணம் ஓட்டையாகி நீர் கசியத் தொடங்கிய பற்றரிக்கு வைத்தியமே இல்லை.

எங்கள் வீட்டில் செய்துபார்த்த இன்னொரு வழி, பழைய பற்றரிகளை மூங்கில் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது. ஒவ்வொன்றும் 1.2 வோல்ற்றும் 6 ஓமும் கொண்ட ஆறு பற்றரிகளைத் தொடராக இணைத்தால் 7.2 வோல்ற்றும் 36 ஓமும் வரும். நான்கு புதிய பற்றரியில் ஓடவேண்டிய 6 வோல்ற்று வானொலி 30 மில்லி அம்பியர் எடுக்கும்போது அகத்தே 1.1 வோல்ற்று விழுந்து, வானொலிக்கு 6.1 வோல்ற்று சரியாகக் கிடைக்கிறது. இதே குழாயை ரோச்சுக் குமிழுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வெளிச்சம் வரவில்லை. இன்னும் நான்கைந்து பற்றரிகளைச் சேர்த்தும் பெரிதாக மாறவில்லை. சிறுவயதில் எனக்கு அது விளங்காத புதிராக இருந்தது. கணக்கு மிகத் தெளிவானது. தொடரில் ஒரு பற்றரியைக் கூட்டும்போது 1.2 வோல்ற்றோடு 6 ஓமும் கூடுகிறது. ஆகவே எத்தனை நூறு பற்றரிகளை அடுக்கினாலும் ஓட்டம் 1.2 ஐ 6 ஆல் வகுத்து வரும் 0.2 அம்பியரைத் தாண்டமுடியாது. குமிழ் கேட்பதோ 0.3 அம்பியர். ஆறு ஆறாக இரண்டு குழாய்களை நிரப்பிச் சமாந்தரமாக, அதாவது பக்கம் பக்கமாக வைத்து ஒத்த முனைகளை ஒன்றுசேர்த்து, இணைத்திருந்தால் அகத்தடை 18 ஓமாகப் பாதியாகி, ஓட்டம் 0.27 அம்பியருக்கு வந்திருக்கும், ரோச்சு எரிந்திருக்கும். அழுத்தம் போதாவிட்டால் தொடர், ஓட்டம் போதாவிட்டால் சமாந்தரம் என்பது இதைத்தான் சொல்கிறது. சமாந்தரத்தில் ஒரு குழாய் மற்றதைவிட வலிமை குறைந்ததாக இருந்தால் வலியது மெலியதற்குள் ஓட்டத்தை வீணாக அனுப்பிக்கொண்டிருக்கும் என்பதால், ஒரே அளவு பழசானவற்றைத் தெரிந்தெடுக்கவேண்டும்.

அகத்தடையின் மறு எல்லையில் நிற்பது வாகனப் பற்றரி. பிரெஞ்சுக்காரரான பிளான்ரே 1859 இல் உருவாக்கிய ஈய அமிலக் கலமே இன்றும் உழவு இயந்திரத்தில் இருப்பது: ஒருபுறம் ஈயம், மறுபுறம் ஈயவீரொட்சைட்டு, இடையில் ஐதான சல்பூரிக்கமிலம். ஒரு கலம் 2.1 வோல்ற்று, ஆறு கலங்கள் தொடரில் நின்று 12.6 வோல்ற்றைத் தருகின்றன. தட்டுகள் அகலமாகவும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகவும் இருப்பதால் முழுப் பற்றரியின் அகத்தடையும் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்களவுதான். எட்டு ரோச்சுப் பற்றரிகளை அடுக்கினாலும் 12 வோல்ற்று வரும், ஆனால் அகத்தடை 2.4 ஓம், முனைகளைக் கம்பியால் நேரடியாகத் தொடுத்தாலும் 5 அம்பியருக்கு மேல் வராது. வாகனப் பற்றரியின் முனைகளுக்குக் குறுக்கே ஒரு சாவி விழுந்தால் ஆயிரம் அம்பியருக்கு மேல் பாயலாம். சாவி சிவந்து உருகும், பற்றரி வெடிக்கவும் கூடும். இரண்டும் "12 வோல்ற்று"தான். உலர்ந்த தோலின் தடை மிக உயர்வாக இருப்பதால் 12 வோல்ற்றைக் கையால் தொட்டாலும் நமக்கு எதுவும் ஆகாது, ஆனால் மோதிரமோ கைச்சங்கிலியோ இடையில் அகப்பட்டால் விரலே வெந்துவிடும்.

உழவு இயந்திரத்தின் பற்றரியைப் பற்றி அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "லைற் எரியுது, ஹோணும் அடிக்குது, ஸ்ராட் மட்டும் வருகுதில்லை." கடையில் மீற்றர் வைத்துப் பார்த்தால் 12.4 வோல்ற்று காட்டும். பற்றரி நல்லது, ஸ்ராட்டர்தான் பிழை என்று சொல்லி அதைக் கழற்றுவார்கள். அகத்தடை 0.05 ஓமாகக் கூடிய பற்றரி என்று எடுத்தால், 5 அம்பியர் எடுக்கும் விளக்குக்கு விழுவது கால் வோல்ற்று மட்டுமே. 150 அம்பியர் கேட்கும் ஸ்ராட்டருக்கு விழுவது ஏழரை வோல்ற்று. ஆகவே பற்றரியைச் சோதிப்பதானால் ஸ்ராட்டரை முடுக்கிக்கொண்டே முனைகளில் அளக்கவேண்டும். 10 வோல்ற்றுக்கு நன்றாகக் கீழே விழுந்தால் குற்றம் பெரும்பாலும் பற்றரியில்தான் இருக்கும். முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவும் இதே வேலையைச் செய்யும் என்பதால், முதலில் அதைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

ஈய அமிலப் பற்றரியில் மட்டும் உள்ள ஒரு வசதி, அதன் நிலையைத் திரவத்தைக் கொண்டே அறியமுடியும் என்பது. மின்னிறக்கத்தின்போது இரண்டு தட்டுகளும் ஈய சல்பேற்றாக மாறுகின்றன, அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. அதனால் திரவத்தின் அடர்த்தி இறங்குகிறது. திரவத்தின் அடர்த்தியை நீரோடு ஒப்பிட்டுக் காட்டும் நீரமானி 1.26 காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது, 1.15 ஐ அண்டினால் வெறுமையாகிக்கொண்டிருக்கிறது. அடர்த்தி எண்ணோடு 0.84 ஐக் கூட்டினால் ஒரு கலத்தின் மின்னியக்க விசை வோல்ற்றில் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது பழைய பற்றரி வேலைக்காரர்களின் கைக்கணக்கு, நன்றாகவே பொருந்துகிறது. போர்க்காலத்தில் மின்பிறப்பாக்கி வைத்து ஊருக்குப் பற்றரி சார்ஜ் செய்து கொடுத்தவர்கள் ஆறு கலத்திலும் நீரமானியை விட்டுப் பார்ப்பார்கள். ஒரு கலம் மட்டும் தனித்துத் தாழ்ந்து நின்றால் அந்தப் பற்றரி இனி நிற்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

ஈய சல்பேற்று முதலில் நுண்ணிய படிவமாக இருக்கும். உடனே ஏற்றினால் திரும்பவும் ஈயமாகவும் ஈயவீரொட்சைட்டாகவும் மாறிவிடும். வெறுமையான நிலையில் வாரக்கணக்கில் விட்டால் அது பெரிய பளிங்குகளாக இறுகித் தட்டை மூடிவிடும். காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் கொட்டிலில் நிறுத்திய இயந்திரத்தின் பற்றரி, ஒருவரும் தொடாமலே கெட்டுப்போவதற்குக் காரணம் இதுவே. பற்றரி தானாகவே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும், வன்னி வெயிலில் அந்த இறக்கம் வேகமாகும். மாதம் ஒருமுறை ஏற்றிவைப்பதும், நீர் குறைந்தால் வடித்த நீரை மட்டும் விடுவதும் போதும். நம் பகுதிக் கிணற்று நீர் பல இடங்களில் சுண்ணாம்பும் உவரும் கலந்தது. அதை ஊற்றினால் அந்த உப்புகள் உள்ளேயே தங்கிவிடும். ஏற்றும்போது நீர் பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனும் வெளியேறுவதால், காற்றோட்டமில்லாத அறையில் வைத்து, குப்பி விளக்கைப் பிடித்து மூடியைத் திறந்து பார்ப்பது மிகுந்த ஆபத்து.

தடை பற்றரிக்குள் மட்டும் இல்லை, கம்பியிலும் இருக்கிறது. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியை 20 மீற்றர் தூரத்துக்கு இழுத்தால், போகவும் வரவும் 40 மீற்றர். தடை ஏறத்தாழ 0.46 ஓம். 12 வோல்ற்றில் 96 வாற்றுக் கருவி ஒன்று 8 அம்பியர் கேட்கும். அந்த ஓட்டம் ஓடினால் கம்பியிலேயே 3.7 வோல்ற்று விழுந்து, 29 வாற்று வெப்பமாகிவிடும். அதே 96 வாற்றை 230 வோல்ற்றில் அனுப்பினால் ஓட்டம் 0.42 அம்பியர், இழப்பு பத்தில் ஒரு வாற்றுக்கும் குறைவு. யூல் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1840களின் தொடக்கத்தில் காட்டியபடி வெப்ப இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவதே காரணம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகத்துக்குப் போகும் மின்கம்பிகளை 1,32,000 வோல்ற்றில் இயக்குவதும் இதற்காகவே. 12 வோல்ற்று வீட்டில் பற்றரியை விளக்குக்குப் பக்கத்தில் வைப்பதும், தூரம் கூடினால் தடித்த கம்பி போடுவதும் தவிர வேறு வழியில்லை.

சைக்கிள் டைனமோவையும் இங்கே சேர்க்கவேண்டும், ஏனெனில் பற்றரி கிடைக்காத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றித்தான் பாட்டும் செய்தியும் கேட்டார்கள். அந்தச் சாதனம் 6 வோல்ற்று, 3 வாற்று தரும். ஆனால் தருவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டமன்று, திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். வானொலிக்குப் போகுமுன், ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயியால் அதைச் சீராக்கி, ஏற்றத்தைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவியால் அதன் ஏற்ற இறக்கத்தை நிரவவேண்டும். பழைய வானொலிகளிலிருந்து கழற்றிய இருவாயிகளும் கொள்ளளவிகளும் அதற்கு உதவின. வானொலியை இணைத்தவுடன் பெடல் பாரமாவதைச் சுற்றியவர்கள் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். சக்தி வெறுமனே வருவதில்லை. ஓட்டம் ஓடத் தொடங்கியதும் சுருளில் எழும் காந்த விசை சுழற்சியை எதிர்க்கிறது, அந்த எதிர்ப்பை வெல்லும் கைவேலையே ஒலியாகிறது.

இன்றைக்கு அந்த இடத்தைச் சூரியத் தகடு எடுத்துக்கொண்டிருக்கிறது. 12 வோல்ற்றுப் பற்றரிக்கு விற்கும் தகடு ஏன் 18 வோல்ற்று என்று எழுதியிருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். பற்றரிக்குள் ஓட்டத்தைத் திருப்பித் தள்ளுவதற்கு வெளியழுத்தம் அதன் மின்னியக்க விசையை மீறியாகவேண்டும், நிறையும் தறுவாயில் 14.4 வோல்ற்று வரை தேவைப்படும். தகட்டில் ஒவ்வொன்றும் அரை வோல்ற்றுத் தரும் 36 கலங்கள் தொடராக உள்ளன. அந்த 18 வோல்ற்று 25 பாகை வெப்பநிலையில் அளந்தது. நம் மதிய வெயிலில் தகடு 60 பாகைக்குச் சூடேறும்போது அது 16 வோல்ற்றுக்குக் கீழே இறங்கிவிடும். கூரைத் தகரத்தோடு ஒட்டிப் பொருத்தாமல் காற்றுப் போக இடைவெளி விடவேண்டும் என்பது இதனால்தான். கணக்குப் பார்க்கும்போது பற்றரியின் முழுக் கொள்ளளவையும் நம்பிவிடக்கூடாது: 12 வோல்ற்று, 40 அம்பியர் மணித்தியாலப் பற்றரியில் 480 வாற்று மணித்தியாலம் இருக்கிறது, மின்பட்டியல் கணக்கில் அரை அலகிலும் குறைவு, ஆயுள் நீடிக்க அதிலும் பாதியைத்தான் எடுக்கவேண்டும். 5 வாற்று எல்.ஈ.டி விளக்குகள் நான்கு அதில் பன்னிரண்டு மணித்தியாலம் எரியும். ஒரு மின்கேத்தல் சில நிமிடங்களில் அதை முடித்துவிடும்.

காட்டோரக் கிராமங்களில் யானை வேலியின் நடுவிலும் ஒரு 12 வோல்ற்றுப் பற்றரிதான் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கருவி தன் கொள்ளளவியை நிரப்பி, செக்கனுக்கு ஒருமுறை அளவில், ஆயிரக்கணக்கான வோல்ற்றில், ஆயிரத்தில் ஒரு செக்கனுக்கும் குறைந்த துடிப்பை வேலிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் உள்ள சக்தி சொற்பம். யானை அதிர்ந்து பின்வாங்கும், சாகாது. கருவியின் வலிமை அளவானது என்பதால், மாரி மழைக்குப் பிறகு வேலிக் கம்பியைப் புல்லும் கொடியும் தொடத் தொடங்கினால், தொடும் ஒவ்வோர் இலையும் சிறு கசிவாகச் சேர்ந்து தூரத்து முனையில் அழுத்தத்தை வீழ்த்திவிடும். கருவிக்குப் பக்கத்தில் அளந்து பார்த்துவிட்டு வேலி நன்றாக இருக்கிறது என்று நம்பினால், யானை மறுமுனையால் வயலுக்குள் வரும். வேலியை அதன் கடைசிக் கட்டையில் அளக்கவேண்டும், அதன் அடியில் புல் வெட்டவேண்டும். சிலர் இதற்குப் பதிலாக வீட்டு மின்சாரத்தையே கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். எண்ணளவில் 230 வோல்ற்று அந்தத் துடிப்பைவிட மிகச் சிறியது. ஆனால் வீட்டு மின்சாரத்தின் பின்னால் உள்ள தடை மிகச் சொற்பம், அது துடித்து ஓய்வதுமில்லை. ஈரக் காலோடு தொடுபவரின் உடலினூடாகக் கால் அம்பியர் வரை விடாமல் ஓடும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு சிறு பங்கே போதும். யானைகளும், விடியற்காலையில் வயலுக்குப் போன மனிதர்களும் அப்படி இறந்திருக்கிறார்கள்.